அரம் ஏறாத ரம்பம்

(ஒலி வடிவத்திலிருந்து சற்றே திருத்திய எழுத்து வடிவம்)

ஒருத்தர் பேசிப் பேசி நம்ம உயிரை எடுத்தா "செம ரம்பம்டா"ன்னு சொல்லுவோம். "ஒரே அறுவை"ன்னும் சொல்லுவோம். இன்னிக்கு எபிசோட் நிஜமாவே ரம்பத்தைப் பத்தி. அதனால அந்த ஜோக்கை நானே முதல்ல சொல்லி முடிச்சுடறேன், நீங்க சிரமப்பட வேண்டாம்.

விஷயம் எங்க வீட்டு முருங்கை மரத்துல ஆரம்பிக்குது. ஆடி மாசக் காத்துல ஒரு கிளை பக்கத்து வீட்டு ஷீட் மேல சாய்ஞ்சு கிடந்தது. என்கிட்ட ஒரு மடக்கு ரம்பம் இருக்கு. கேம்பிங் போறப்ப பையில வெச்சுக்கலாம்னு ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கினது. மடக்கினா ஒரு தண்ணி பாட்டில் நீளம்தான். ஆனா நடுவுல ஒரு தடவை ஆணி இருந்த பழைய பலகையை அதால அறுத்துட்டேன். அன்னியோட அதுக்குப் பல்லு போச்சு. முருங்கை எவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதுலகூட இழுபறி.

சரி, கூர் போடலாம்னு தெருமுனையில இருக்கிற ஆசாரிகிட்ட எடுத்துட்டுப் போனேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. முக்கோண அரத்தை எடுத்தார், ஒரு பல்லுல வெச்சு ஒரு இழுப்பு இழுத்தார். சர்ருனு வழுக்கிட்டுப் போச்சு. இன்னொரு தடவை. அதே சத்தம். பல்லோட நுனியை வெளிச்சத்துல திருப்பிக் காட்டினார். நுனி மட்டும் கருநீலமா இருந்தது.

"தம்பி, இது கண்ணாடி மாதிரி இருக்கு. அரம் ஏறாது. என் அரம்தான் தேயும்."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கன்னுதான் இதைப் பண்ணியிருக்கான்."

அவர் அதைக் கோபமா சொல்லலை. பழைய செய்தியைச் சொல்ற மாதிரி சொன்னார். வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறமும் எனக்கு அது மண்டையில ஓடிட்டே இருந்தது. ரம்பம் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து அதைக் கூர் போட ஒரு ஆளும் கூடவே இருந்திருக்கான். அந்த ஆளை எப்போ, யார் வெளிய அனுப்பினாங்க? நல்ல மடக்கு ரம்பம் எதுன்னு கேட்டு எனக்கு நிறைய மெசேஜ் வருது. அதுக்கான பதிலும் இந்தக் கதைக்குள்ளயே இருக்கு.

முதல்ல ஒரு சின்ன வேலை. பக்கத்துல ஒரு காகிதம் இருந்தா ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக் கிழிச்சுக்கங்க. ரெண்டு முனையையும் பிடிச்சு இழுங்க, நேரா நிக்கும். இப்போ ஒரு முனையிலேர்ந்து தள்ளுங்க. உடனே வளைஞ்சுடும். ரம்பத்தோட பாதி வரலாறு இதுதான். தள்ளி அறுக்கிற ரம்பம் வளையாம இருக்கணும்னா தகடு தடியா இருக்கணும். இழுத்து அறுக்கிற ரம்பத்துக்கு அந்தக் கவலை இல்லை. மெல்லிசாவே இருக்கலாம். தகடு மெல்லிசா இருந்தா வெட்டுத்தடம் குறுகலா இருக்கும், தூளாப் போற மரம் கம்மி, கைக்கு வேலையும் கம்மி.

எகிப்துக்காரங்களுக்கு இது தெரியும். தெரியாம இருக்க முடியாது, ஏன்னா அவங்க கையில இருந்தது செம்பு. லக்ஸர் பக்கத்துல ரெக்மிரேன்னு ஒரு அமைச்சரோட கல்லறை இருக்கு. கிட்டத்தட்ட 3,400 வருஷப் பழசு. அதோட சுவர் ஓவியத்துல ஒரு தச்சர் பலகையை நட்டுக்குத்தலா ஒரு கம்பத்துல கட்டி வெச்சு அறுத்துட்டிருக்கார். அந்தக் காலத்து எகிப்திய ரம்பத்துல பல்லு கைப்பிடியைப் பார்த்து இருக்கும். இழுத்தா வெட்டும். செம்புத் தகட்டை வெச்சுத் தள்ளினா அது அப்பளம் மாதிரி சுருண்டுடும்.

ரோமாபுரியில இரும்பு வந்துடுச்சு. அங்க வேற பிரச்சினை. பச்சை மரத்தை அறுக்கும்போது ஈரமான தூள் பல்லுக்கு நடுவுல அடைச்சுக்கும், ரம்பம் மாட்டிக்கும். அதனால பல்லுகளை ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி வளைச்சு வைக்கிறாங்க, அது தூளை வெளிய தள்ளும்னு மூத்த ப்ளினி எழுதி வெச்சிருக்கார். கி.பி. 79-ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ செத்தாரே, அவர்தான். மரம் கவாத்து பண்றவங்களுக்கு இன்னிக்கும் அதே தலைவலிதான். காய்ஞ்ச விறகுக்கும் உயிரோட இருக்கிற கிளைக்கும் ஒரே ரம்பம் சரியா வராததுக்கு இந்த ஈரத் தூள்தான் காரணம்.

அப்புறம் நல்ல எஃகு கிடைச்சதும் ஐரோப்பா தள்ளி அறுக்கிற பக்கம் போயிடுச்சு. நின்னுக்கிட்டு, மேஜை மேல மரத்தை வெச்சு, உடம்போட எடையைப் போட்டுத் தள்ளுறது. இன்னிக்கு நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில தொங்குற கை ரம்பமும் இந்த வகைதான். ஜப்பான் இழுக்கிற பக்கமே நின்னுடுச்சு. தரையில உட்கார்ந்து, காலால மரத்தை அழுத்திப் பிடிச்சு, தன் பக்கம் இழுக்கிறது.

ஹொகுசாயோட ஃபூஜி மலைப் படங்கள் பார்த்திருப்பீங்க. பெரிய அலை வர்ற படம் எல்லாருக்கும் தெரியும், டி-ஷர்ட்லயே வந்துடுச்சு. அதே வரிசையில தோதோமி மலைப்பகுதின்னு ஒரு படம் இருக்கு. பிரம்மாண்டமான ஒரு உத்தரத்தைச் சாய்ச்சு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்காங்க. மேல ஏறி நின்னு ஒருத்தர் அறுக்கிறார், கீழேர்ந்து ஒருத்தர் அறுக்கிறார். ஃபூஜி தூரத்துல, முட்டுக் கட்டைக்கு நடுவுல சின்னதாத் தெரியுது. எல்லாரும் அந்த வடிவத்தைத்தான் பார்ப்பாங்க. நான் பார்க்கச் சொல்றது கீழ உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளை. அவர் எதையும் அறுக்கலை. ரம்பத்துக்குக் கூர் போட்டுட்டிருக்கார். 1830-கள்ல வரைஞ்ச படம். அறுக்கிறதுக்கு ரெண்டு பேர், கூர் போட ஒருத்தர். அந்த வேலையில அதுக்கு அவ்வளவு இடம் இருந்தது.

அவரை அங்கேயே விட்டுட்டு இங்கிலாந்துக்குப் போகலாம். ஏன்னா ரம்பம்னா பல்லு மட்டும் இல்லை. பச்சை மரத்துல தகடு சிக்காம இருக்க இன்னொரு வழி இருக்கு. பல்லு இருக்கிற விளிம்பு தடியாவும், முதுகுப் பக்கம் போகப் போக மெல்லிசாவும் இருக்கிற மாதிரி தகட்டையே சாணைக்கல்லுல தேய்ச்சு எடுக்கிறது. நல்ல மடக்கு ரம்பங்கள்ல இன்னிக்கு நாம காசு கொடுக்கிறது பெரும்பாலும் இதுக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல இந்த வேலையோட தலைநகரம் ஷெஃபீல்ட்.

ஆள் உயரத்துக்குப் பெரிய மணற்கல் சக்கரம். அதுல தண்ணி விட்டு, தகட்டை அழுத்திப் பிடிச்சுத் தேய்க்கணும். ரம்பம் தேய்க்கிறவங்க தண்ணி விட்டுத் தேய்ச்சதால தூசி கொஞ்சம் கம்மி. அதே ஊர்ல முள்கரண்டி தேய்ச்சவங்க உலர்ந்த கல்லுல தேய்ச்சாங்க. கல் தூசி நுரையீரல்ல படிஞ்சு நாற்பது வயசைப் பார்க்காமலே நிறைய பேர் போனாங்க. ரம்பக்காரங்களுக்கு வேற பயம், சுத்திட்டிருக்கிற கல் உடையும். உடைஞ்சா கூரை வரைக்கும் பறக்கும்.

இப்படிப்பட்ட வேலையில கூலி குறையாம இருக்கணும்னா ஆள் எண்ணிக்கை ஏறக் கூடாது. அதுக்குத்தான் சங்கம். உறுப்பினர்கள் காசு கட்டணும், வேலை இல்லாதவங்களுக்கு அதுலேர்ந்து உதவி போகும். ஒருத்தர் இத்தனை பயிற்சிப் பசங்களுக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு விதி. யாராவது காசு கட்டலைன்னாலோ விதியை மீறினாலோ, ராத்திரியோட ராத்திரியா அவர் சாணைக்கல்லோட பட்டை காணாமப் போகும். பட்டை இல்லாம சக்கரம் சுத்தாது, அன்னிக்குக் கூலி இல்லை. நிலுவையைக் கட்டினா பட்டை திரும்பி வரும். இதுக்கு "ரேட்டனிங்"னு பேரே இருந்தது. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டாங்க.

அது பட்டையோட நிக்கலை. 1866 அக்டோபர் 8, அதிகாலை. ஷெஃபீல்ட் நியூ ஹெரஃபோர்ட் தெருவில் ஒரு வீட்டின் நிலவறையில் வெடிமருந்து வெடித்தது. வீடு தாமஸ் ஃபெர்னிஹோ என்பவருடையது. ரம்பம் தேய்ப்பவர், சங்கத்தை விட்டு விலகியவர். யாரும் சாகலை, வீடு சிதைஞ்சுது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் கொதிச்சுது. அடுத்த வருஷம் அரசு விசாரணைக் குழு ஷெஃபீல்டுக்கே வந்து உட்கார்ந்தது. அவங்க ஒரு சலுகை கொடுத்தாங்க. உண்மையை முழுசா சொன்னா வழக்கு கிடையாது.

ரம்பம் தேய்ப்பவர் சங்கத்தோட செயலாளர் வில்லியம் பிராட்ஹெட். மதுக்கடை நடத்தினவர், ஊர்ல மரியாதையான ஆள். வெடி வெச்சதைக் கண்டிச்சுப் பேசினவர். கூண்டுல முதல்ல எல்லாத்தையும் மறுத்தார். அப்புறம் மத்தவங்க ஒவ்வொருத்தரா வாயைத் திறந்ததும் அவரும் சொல்லிட்டார். ஜேம்ஸ் லின்லின்னு ஒரு ரம்பம் தேய்ப்பவர் அளவுக்கு மீறிப் பயிற்சிப் பசங்களை வெச்சிருந்தார். 1859-ல அவரைக் காற்றுத் துப்பாக்கியால சுட ஆள் வெச்சது தான்தான்னு ஒப்புக்கிட்டார். லின்லி சில மாசம் கிடந்து செத்துப் போயிருந்தார். கொடுத்த வாக்குப்படி பிராட்ஹெட் மேலயும் சுட்டவர் மேலயும் வழக்கு இல்லை.

இதை நான் முதல்ல படிச்சப்போ பிராட்ஹெட் மேல வெறுப்புதான் வந்தது. இப்பவும் அவரை நியாயப்படுத்த மாட்டேன், ஒருத்தர் செத்திருக்கார். ஆனா ஒண்ணை கவனிக்கணும். தொழிற்சங்க விதியை மீறினவர் மேல நீதிமன்றத்துக்குப் போக அன்னிக்கு வழியே இல்லை. சங்கத்தோட பணத்தை ஒருத்தர் சுருட்டினாக்கூட சட்டம் பாதுகாக்கும்னு உறுதி இல்லை. ஷெஃபீல்ட் விசாரணை சங்கங்களை ஒழிச்சுக் கட்டும்னு எதிர்பார்த்தவங்க நிறைய. நடந்தது தலைகீழ். தொழிற்சங்கங்களைப் பத்தின பெரிய அரசு ஆணையத்தோட ஒரு பகுதியாத்தான் இந்த விசாரணையும் நடந்தது. அது முடிஞ்சு 1871-ல வந்த சட்டம் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ரம்பத்தோட முதுகை மெல்லிசாக்கின கைகளுக்குத் தொழிலாளர் சட்டத்துல இவ்வளவு பங்கு இருக்கு.

ஸ்வீடன் கதையை ஓரமாச் சொல்லிடறேன். உருகின இரும்புக்குள்ள காத்தை ஊதி எஃகு பண்ற பெஸ்ஸமர் முறையைத் தொழிற்சாலை அளவுல முதல்ல ஒழுங்கா வேலை செய்ய வெச்சவர் யோரான்சன்னு ஒரு ஸ்வீடன்காரர், 1858-ல. நாலு வருஷம் கழிச்சு அவர் ஆரம்பிச்ச கம்பெனிதான் சாண்ட்விக். 1886-லேர்ந்து ரம்பம் பண்ணினாங்க, மீனும் தூண்டிலும் அடையாளம். கேம்பிங் ஆளுங்க பையில பச்சைக் கைப்பிடியோட இருக்கிற பாஹ்கோ லேப்லாண்டர் இருக்கே, அதுலயும் அதே மீன்தான். அது தள்ளும்போதும் வெட்டும், இழுக்கும்போதும் வெட்டும். அதனால தகடு கொஞ்சம் தடி.

இப்போ மறுபடி ஜப்பான். கோபே நகரத்துக்குக் கொஞ்சம் உள்ள மிகின்னு ஒரு ஊர். 1578-லேர்ந்து 1580 வரைக்கும் ஹிதேயோஷி அந்தக் கோட்டையை முற்றுகை போட்டு, உள்ள இருந்தவங்களைப் பட்டினி போட்டே பணிய வெச்சார். அப்புறம் அழிஞ்ச ஊரை மறுபடி கட்ட வரியைத் தள்ளுபடி பண்ணி ஆளுங்களை அழைச்சார்னும், அப்போ வந்த தச்சர்களுக்குக் கருவி அடிக்க வந்த கொல்லர்கள்தான் ஊரோட தொழிலுக்கு வேர்னும் அந்த ஊர்க்காரங்க சொல்வாங்க. பக்கத்து ஊர் ஓனோ. அங்க கத்தரிக்கோலும் அரிவாளும், கூடவே மணிச்சட்டமும் செய்வாங்க. ஆமா, கணக்குப் போடுற அபாகஸ்தான். இன்னிக்கு மடக்கு ரம்பத்துக்குப் பேர் போன சில்கியும் 1919-லேர்ந்து ஓனோவுலதான்.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்போ ஜப்பான் மலைகள் மொட்டை. வீடு கட்ட மரம் வேணும்னு மலை மலையா ஸுகி, ஹினோகி மரங்களை நட்டாங்க. இன்னிக்கும் அந்த நாட்டுக் காட்டுல சுமார் 40 சதவீதம் மனுஷன் நட்டதுதான். அந்த மரத்துல கணு இல்லாம பலகை வேணும்னா, மரம் இளசா இருக்கும்போதே கீழ்க் கிளைகளை ஒவ்வொண்ணா அறுத்து எடுக்கணும். ஏணியில தொங்கிக்கிட்டு, ஒரு கையால, பச்சைக் கிளையை. மெல்லிசா, கூர்மையா, இழுத்து அறுக்கிற சின்ன ரம்பம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அந்த ரம்பத்தோட ஒவ்வொரு பல்லுக்கும் மூணு முகம். ஒவ்வொரு முகத்துக்கும் தனியா அரம் போடணும். ஹொகுசாய் படத்துல கீழ உட்கார்ந்திருக்காரே, அவர் வேலைதான். அதுக்கு மேதாதேன்னு பேர். அதையே முழுத்தொழிலாச் செய்தவங்க ஊர் ஊருக்கு இருந்தாங்க. பல்லு மட்டும் இல்லை, நெளிஞ்ச தகட்டைச் சுத்தியலால தட்டி நேராக்கறதும் அவங்கதான். பல வருஷம் உட்கார்ந்து கத்துக்கிற வேலை.

இருபதாம் நூற்றாண்டோட பின்பாதியில வந்தது உயர் அதிர்வெண் மின்சாரத்தால பல்லை மட்டும் கடினமாக்குற முறை. ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்துல பல்லோட நுனி சிவக்கச் சூடாகி உடனே ஆறிடும். தகடு எப்பவும் போல வளையும், பல்லு மட்டும் அரத்தை விடக் கடினம். நம்ம ஆசாரி வெளிச்சத்துல காட்டின அந்தக் கருநீலம் அதோட தடயம். கூர் ரொம்ப நாள் நிக்கும். போச்சுன்னா ஒரு திருகைக் கழட்டித் தகட்டை மாத்திக்கலாம். மேதாதேகாரர்கிட்ட கூர் போடுற கூலியும் புதுத் தகட்டோட விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு ஆனதும், யார் அவர்கிட்ட போவாங்க? யாரும் அவரைத் துரத்தலை. வெடியும் வைக்கலை. அவர்கிட்ட போறதுக்கான காரணம்தான் தீர்ந்து போச்சு.

நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். இதெல்லாம் படிச்சுட்டும் கடினமாக்கின பல்லு இருக்கிற ரம்பம்தான் மறுபடி வாங்கினேன். ஏன்னா எனக்கு அரம் போடத் தெரியாது, தெரிஞ்சவர் ஒருத்தருக்கு அறுபதைத் தாண்டிடுச்சு. ஆனா ஒரு விஷயத்துல பிடிவாதமா இருந்தேன். தனித் தகடு நம்ம ஊர்ல கிடைக்குதான்னு முதல்ல விசாரிச்சுட்டுத்தான் வாங்கினேன். தகடு கிடைக்காத ரம்பம் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம். பல்லு போன அன்னிக்குக் கைப்பிடியோட சேர்த்துக் குப்பை.

மத்ததைச் சுருக்கமாச் சொல்றேன். நீங்க வழக்கமா அறுக்கிற கிளை எவ்வளவு தடியோ, அதுல ரெண்டு மடங்காவது தகடு நீளம் வேணும். பையில வெச்சுக்க 17, 18 சென்டிமீட்டர் போதும். வீட்டு மரத்துக்கு 21 முதல் 24. பச்சைக் கிளைக்குப் பெரிய பல்லு, காய்ஞ்ச விறகுக்கும் மூங்கிலுக்கும் சின்னப் பல்லு. ஜப்பான் ரம்பத்துல பல்லு எண்ணிக்கையை 30 மில்லிமீட்டருக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. அவங்க பழைய அளவான ஸுன் ஏறக்குறைய அதே நீளம். மத்த ஊர்ல அங்குலக் கணக்கு. ரெண்டையும் அப்படியே ஒப்பிட்டு ஏமாறாதீங்க. தலைக்கு மேல அறுக்கிறதா இருந்தா வளைஞ்ச தகடு, அது தானா மரத்துல கடிச்சுக்கும். கடையில விரிச்சுப் பூட்டிட்டு லேசா ஆட்டிப் பாருங்க. பூட்டு ஆடினா வெச்சுட்டு வந்துடுங்க, விரல் நம்மளோடது. கேம்பிங் போற இடம் வனத்துறை எல்லைக்குள்ள இருந்தா ரம்பத்தைப் பையை விட்டு எடுக்கவே எடுக்காதீங்க.

முருங்கைக்கு வரேன். அந்த மழுங்கின ரம்பத்தாலயே ஒரு வழியா கிளையை அறுத்தேன். மேலேர்ந்து மட்டும். முக்கால்வாசி போனதும் கிளை தன் எடைக்கே மடார்னு ஒடிஞ்சு, தண்டோட பட்டையை ஒரு முழம் நீளத்துக்கு உரிச்சுக்கிட்டு விழுந்தது. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சுது. எங்கம்மா ஒண்ணும் சொல்லலை, பார்த்தாங்க. அதுவே போதும்.

இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்க வனத்துறையில 1959-ல சேர்ந்தவர் அலெக்ஸ் ஷைகோ. அப்போதான் ஒரு ஆள் தூக்கக்கூடிய சங்கிலி ரம்பம் பரவலா வந்திருந்தது. எல்லாரும் அதால மரத்தைக் குறுக்க அறுத்தாங்க. இவர் நீளவாக்குல அறுத்தார், ஆயிரக்கணக்கான மரங்களை. மரம் காயத்தை ஆத்திக்கிறதில்லை, காயத்தைச் சுத்திச் சுவர் எழுப்பி அடைச்சுட்டு மேல வளருதுன்னு காட்டினார். கிளை தண்டோட சேர்ற இடத்துல சட்டைக் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அந்தச் சுவர் அங்கேர்ந்துதான் எழும்பும். அதுவரைக்கும் தோட்டக்காரங்க தண்டோட வழவழன்னு ஒட்ட அறுத்து, மேல பெயின்ட் பூசிட்டு இருந்தாங்க. அது ரெண்டுமே தப்புன்னார்.

ஆகவே மூணு வெட்டு. தண்டுலேர்ந்து ஒரு அடி தள்ளி, முதல்ல கிளைக்கு அடியிலேர்ந்து கால்வாசி. அதுக்குக் கொஞ்சம் வெளிய, மேலேர்ந்து முழுசா. கிளை பட்டையை உரிக்காம விழும். மிச்சமிருக்கிற குச்சியை அந்தக் கழுத்துப்பட்டைக்கு வெளிய ஒட்டி மூணாவது வெட்டு. பெயின்ட் வேண்டாம்.

புது ரம்பத்தைக் காட்டலாம்னு போன வாரம் ஆசாரிகிட்ட போனேன். கையில வாங்கி ஒரு துண்டு வேப்பங்குச்சியை அறுத்துப் பார்த்தார். ரெண்டே இழுப்பு. வெட்டின முகத்தைக் கட்டை விரலால தடவிட்டு, "இழைப்புளி போட்ட மாதிரி இருக்கே"ன்னார். அப்புறம் பழைய தகட்டைக் கேட்டார். இன்னும் தூக்கிப் போடலைன்னதும், "கொண்டு வா தம்பி, முதுகுப் பக்கம் நல்ல எஃகு. எனக்கு ஒரு சுரண்டுற தகடு ஆகும்"னார். நாளைக்குக் கொடுத்துட்டு வரணும்.